வாஷிங்டன் மாநிலத்தில் ஓடையில் கை வைக்கும் முன்: எச்பிஏ அனுமதிக்கு முழுமையான வழிகாட்டி

சியாட்டிலுக்குக் கிழக்கே இசக்குவா, டுவால், ஸ்னோகுவால்மி பக்கம் ஒன்றிரண்டு ஏக்கரோடு வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு ஓடையும் சேர்ந்து கிடைப்பது சகஜம். வாங்கும்போது அது அழகாகத்தான் தெரியும். இரண்டு மழைக்காலம் போனதும் கரை அரிக்கும், டிரைவ்வேக்கு அடியில் போகும் குழாய் அடைத்துக்கொள்ளும், ஓரத்தில் நின்ற ஆல்டர் மரம் குறுக்கே சாய்ந்து கிடக்கும். எக்ஸ்கவேட்டர் வைத்திருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு, "ஒரு நாள் வேலைதானே" என்று பேசி முடித்துவிடத் தோன்றும். அந்த ஒரு நாள் வேலைக்கு மாநில அரசின் அனுமதி வேண்டும்.

அந்த அனுமதியின் பெயர் ஹைட்ராலிக் ப்ராஜெக்ட் அப்ரூவல். எல்லோரும் எச்பிஏ என்றே சொல்கிறார்கள். வழங்குவது மாநில மீன், வனவிலங்குத் துறை. சட்டம் 1943-ல் வந்தது. இப்போது அது மாநிலச் சட்டத் தொகுப்பில் 77.55 என்ற அத்தியாயம்; அதன்கீழ் உள்ள விதிகள் நிர்வாக விதித் தொகுப்பில் 220-660. கடல் நீருக்கும் நன்னீருக்கும் விதிகள் தனித்தனி. இங்கே பார்ப்பது நன்னீர் மட்டும்.

முதலிலேயே ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். இந்த அனுமதியில் துறை பார்ப்பது மீனை மட்டும். பாலம் பத்து டன் தாங்குமா, வீட்டின் விலை ஏறுமா, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்குமா என்பதெல்லாம் அவர்கள் கணக்கில் வராது. மீன் வளத்துக்குத் தகுந்த பாதுகாப்பு இருந்தால் நியாயமின்றி அனுமதியை மறுக்கக் கூடாது, நியாயமற்ற நிபந்தனை போடவும் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆகவே விண்ணப்பத்தில் நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்த வேலையால் மீனுக்கு என்ன ஆகும்?

"கோடையில் கணுக்கால் அளவு தண்ணீர்கூட இல்லை, இதில் எங்கே மீன்?" என்று கேட்பவர்கள் உண்டு. கோஹோ சால்மன் தேடி வருவதே இந்த மாதிரிச் சின்ன ஓடைகளைத்தான். இலையுதிர் காலத்தில் ஏறி வந்து சரளைக்கல்லைக் குடைந்து முட்டையிடும். குளிர்காலம் முழுக்க முட்டை அந்தக் கல்லுக்கு அடியிலேயே கிடக்கும். கல் இடுக்கு வழியாக ஓடும் தண்ணீர்தான் அதற்கு மூச்சு. மேலே யாரோ கரையை வெட்டிச் சேற்றை இறக்கினால் இடுக்கு அடைத்துவிடும். குஞ்சு வெளியே வந்த பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் ஓடையிலேயே தங்கித்தான் கடலுக்குப் போகிறது. அதாவது, நீங்கள் பார்க்காத நாளிலும் மீன் அங்கே இருக்கிறது.

படி 1: அனுமதி தேவையா என்று தெரிந்துகொள்ளுங்கள்

நன்னீரின் இயல்பான ஓட்டத்தையோ அடித்தளத்தையோ பயன்படுத்துகிற, திருப்பிவிடுகிற, தடுக்கிற, மாற்றுகிற எந்த வேலையும் சட்டத்தின் பார்வையில் 'ஹைட்ராலிக் ப்ராஜெக்ட்'. பாலம், கல்வெர்ட் (பாதைக்கு அடியில் ஓடை போகும் குழாய்), கரைக்குக் கல் அடுக்குவது, படகுத்துறை, பம்புக்கு நீர் எடுக்கும் அமைப்பு எல்லாம் இதில் அடக்கம். இவற்றை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் பலர் எதிர்பார்க்காமல் மாட்டிக்கொள்ளும் வேலைகள் வேறு.

ஓடைக்குள் விழுந்து கிடக்கும் மரத்தை எடுப்பது அதில் ஒன்று. நம் கண்ணுக்கு அது குப்பை. மீனுக்கு அது நிழல், மறைவிடம், மடு. அதை நகர்த்தவும் அனுமதி வேண்டும். பீவர் என்ற விலங்கு கட்டிய அணையைப் பிரிப்பதும் அப்படியே. கோடையில் காய்ந்துபோகிற ஓடையும் ஓடைதான்; காய்ந்த நேரத்தில் மண்வாரி இறக்கினால் கேட்க ஆள் இல்லை என்று நினைக்க வேண்டாம்.

வீட்டோரம் நேராக ஓடும் "டிட்ச்" இன்னொரு குழப்பம். முழுக்கச் செயற்கையாக வெட்டிய பாசனக் கால்வாய், மழைநீர் வடிகால் போன்றவற்றுக்கு எச்பிஏ தேவையில்லை. ஆனால் இயற்கையான ஓடையை யாரோ எப்போதோ நேராக்கியிருந்தால், பார்க்க டிட்ச் மாதிரி இருந்தாலும் அது ஓடைதான். பழைய பண்ணை நிலங்களில் இது நிறைய உண்டு. விற்ற ஏஜென்ட் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

நீர்க்களை எடுப்பது போன்ற சில சில்லறை வேலைகளுக்குத் தனி விண்ணப்பம் வேண்டாம். துறை வெளியிட்டிருக்கும் கையேட்டைக் கூடவே வைத்துக்கொண்டு, அதில் சொன்ன முறைப்படி செய்தால் அந்தக் கையேடே அனுமதி.

படி 2: நீர்க்கோட்டைக் கண்டுபிடியுங்கள்

விதிகள் பெரும்பாலும் 'ஆர்டினரி ஹை வாட்டர் லைன்' என்ற கோட்டை வைத்தே பேசும். சாதாரண ஆண்டுகளில் தண்ணீர் திரும்பத் திரும்ப வந்து, மண்ணிலும் செடிகொடியிலும் நிலையான அடையாளம் பதித்திருக்கும் எல்லை அது. போன டிசம்பர் வெள்ளத்தில் வேலியில் மாட்டிக்கொண்ட சருகும் சுள்ளியும் அந்தக் கோடு இல்லை. அது வெள்ளத்தின் அடையாளம். கரையோரம் நடந்து பாருங்கள். கழுவித் துடைத்த மாதிரி வெறும் சரளை, அதற்கு மேலே வண்டல் படிந்த புல், அதற்கும் மேலே திடீரென்று சால்மன்பெர்ரியும் வாள் இலைப் பெரணியும் அடர்த்தியாகத் தொடங்கும். அந்த மாற்றம் நிகழும் இடத்தை ஒட்டித்தான் பெரும்பாலும் கோடு இருக்கும். சின்னக் கொடிக்குச்சிகளை வாங்கி, நீங்கள் நினைக்கும் இடத்தில் நட்டு வையுங்கள். துறையின் ஆள் வரும்போது சரிபார்க்கச் சொல்லலாம்.

கோட்டுக்கு மேலேதான் வேலை என்றால் அனுமதி வேண்டாமா? அப்படியும் சொல்ல முடியாது. கோட்டுக்கு மேலே நடக்கும் வேலை தண்ணீரின் ஓட்டத்தையோ அடித்தளத்தையோ பாதிக்குமானால் அதுவும் துறையின் அதிகாரத்துக்குள் வரும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பு சொல்லிவிட்டது. சந்தேகம் இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே "இதற்கு எச்பிஏ தேவையா?" என்று கேட்டுத் துறையிடம் எழுத்தில் பதில் வாங்கும் வசதி 2019-ல் வந்திருக்கிறது. வாய்வார்த்தையை நம்பாமல் அதைப் பயன்படுத்துங்கள்.

படி 3: கான்ட்ராக்டருக்கு முன் பயாலஜிஸ்ட்

ஒவ்வொரு பகுதிக்கும் துறையில் ஒரு ஹாபிடாட் பயாலஜிஸ்ட் (மீன்களின் வாழிடத்தைக் கவனிக்கும் உயிரியலாளர்) இருக்கிறார். யார் என்று துறையின் இணைய வரைபடத்தில் தெரியும். முதல் அழைப்பு அவருக்குத்தான் போக வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: கான்ட்ராக்டரிடம் விலை பேசி, வரைபடம் போட்டு, முன்பணமும் கொடுத்துவிட்டு, கடைசியில் அனுமதி கேட்கிறார்கள். பயாலஜிஸ்ட் வந்து பார்த்து, "இந்தக் கரைக்குக் கல்லே வேண்டாம்" என்றால் அவ்வளவும் வீண்.

அவரை வேவு பார்க்க வந்தவராக நினைக்க வேண்டியதில்லை. உங்கள் ஓடையில் எந்த மீன் வருகிறது, எந்த மாதத்தில் வேலை செய்யலாம், எந்த வடிவமைப்பு தேறும் என்பதை அரை மணி நேரத்தில் சொல்லிவிடக்கூடியவர். ஒரு இன்ஜினியரிடம் காசு கொடுத்து வாங்க வேண்டிய தகவலில் பாதி இலவசமாகக் கிடைக்கும்.

படி 4: நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

தண்ணீருக்குள் நடக்கும் வேலைக்கு 'வொர்க் விண்டோ' என்று ஒரு காலம் உண்டு. முட்டையோ இளங்குஞ்சோ சரளைக்குள் இருக்க வாய்ப்பு மிகக் குறைவான காலம் அது. கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) வாரியாக, ஓடை வாரியாகத் துறை பட்டியல் போட்டிருக்கிறது. மேற்கு வாஷிங்டனின் பல ஓடைகளில் ஜூலையில் தொடங்கிச் செப்டம்பர் வாக்கில் முடிந்துவிடும். தவறவிட்டால் அடுத்த கோடை வரை சும்மா இருக்க வேண்டியதுதான்.

முழுமையான விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் துறை முடிவு சொல்ல வேண்டும். 'முழுமையான' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு தாள் குறைந்தாலும் 45 நாள் ஓட ஆரம்பிக்காது. ஜூலையில் வேலை என்றால் மே மாத நடுவில் விண்ணப்பித்தால் போதும் என்று கணக்குப் போடுவார்கள். ஆனால் கூடவே கவுன்டி, கூட்டாட்சி அனுமதிகளும் தேவைப்பட்டால் அவை பல மாதம் இழுக்கும். என் யோசனை: முந்தைய அக்டோபரிலேயே ஆரம்பியுங்கள். அப்போது மழையில் ஓடை எப்படிப் பெருகுகிறது, சால்மன் எங்கே முட்டையிடுகிறது என்பதைப் படம் எடுத்து வைக்கவும் முடியும்.

படி 5: வடிவமைப்பு

இந்தப் படியில்தான் பணமும் கரையும், நேரமும் கரையும்.

டிரைவ்வேக்கு அடியில் இருக்கும் கல்வெர்ட்டை எடுத்துக்கொள்வோம். பழைய வீடுகளில் 24 அங்குலக் குழாய் ஒன்றைப் புதைத்து மேலே மண் போட்டிருப்பார்கள். எட்டடி அகலத்தில் ஓடும் தண்ணீர் இரண்டடிக் குழாய்க்குள் புகுந்தால் வேகம் எகிறும். வெளியே வரும் இடத்தில் தரையைப் பறித்துப் பள்ளமாக்கும். நாளடைவில் குழாயின் வாய் அந்தரத்தில் தொங்கும். வளர்ந்த மீனே திணறும் இடத்தில் விரல் நீளக் குஞ்சு எப்படி ஏறும்?

"துருப்பிடித்த குழாயை எடுத்துவிட்டு அதே அளவில் புதுசு போடுகிறேன்" என்று சொன்னால் நடக்காது. மீன் வாழும் ஓடையில் புதிதாக வைத்தாலும் சரி, பழையதை மாற்றினாலும் சரி, மீன் கடந்துபோக வழி இருக்க வேண்டும். விதியில் இரண்டு கல்வெர்ட் முறைகள் உண்டு. 'நோ ஸ்லோப்' முறை: குழாயைச் சரிவில்லாமல் கிடையாக வைப்பது; ஓடையின் சரிவு 3 சதவீதத்துக்குள் இருக்கும் சின்ன இடங்களுக்கு ஏற்றது, குழாய்க்குள் தரை மட்டத்து அகலம், ஓடையின் தரை அகலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், வெளிவாயில் குழாயின் உயரத்தில் குறைந்தது 20 சதவீதம் ஓடையின் தரைக்குள் புதைந்திருக்க வேண்டும். 'ஸ்ட்ரீம் சிமுலேஷன்' முறை: கல்வெர்ட்டுக்குள்ளேயே சரளைக்கல் போட்டு, ஒரு ஓடையையே உருவாக்குவது. இதற்கு வழக்கமான அளவுக் கணக்கு: கரைநிறை அகலத்தை (கரை நிரம்பி ஓடும்போது ஓடையின் அகலம்) 1.2 ஆல் பெருக்கி, 2 அடி கூட்டுங்கள். எட்டடி ஓடைக்கு 9.6 + 2, ஆக 11.6 அடி. இரண்டடிக் குழாய் இருந்த இடத்தில் பன்னிரண்டடி! எல்லோருக்கும் முகம் வாடும் இடம் இதுதான்.

அந்த அகலத்தை அளக்கும் விதத்தில் கவனமாக இருங்கள். குழாய்க்குக் கீழே பறித்துப் போட்ட பள்ளத்தின் அருகில் அளந்தால் ஓடை இல்லாத அகலத்தைக் காட்டும். குழாயின் பாதிப்பு எட்டாத தூரத்துக்கு மேலே போய், வளைவும் மடுவும் தவிர்த்து, பல இடத்தில் டேப் பிடித்துச் சராசரி எடுங்கள். ஒரு அடி கூடக்குறையப் போனால் வாங்கும் கல்வெர்ட்டின் அளவே மாறிவிடும்.

அந்த அளவுக்குக் கல்வெர்ட் வாங்குவதைவிட ஒரு சின்னப் பாலம் போட்டுவிடலாமே என்று எனக்குத் தோன்றும். தாங்கு சுவர்களைக் கரைக்கு வெளியே தள்ளி வைத்தால் ஓடையின் தரையைத் தொடவே வேண்டாம். தண்ணீரைத் திருப்பிவிடும் செலவும் மிச்சம். நூறாண்டு வெள்ள மட்டத்துக்கு மேலே பாலத்தின் அடிப்பாகம் 3 அடி இடைவெளியோடு இருக்க வேண்டும். குறைப்பதாக இருந்தால் இன்ஜினியர் காரணம் காட்ட வேண்டும். மிதந்து வரும் மரங்கள் சிக்காமல் போவதற்கான இடம் அது. எதற்கும் இரண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்கள்.

கல்வெர்ட் விஷயத்தில் இந்த மாநிலம் ஏன் இவ்வளவு கறார் என்றால், பின்னால் பெரிய கதை இருக்கிறது. 1854-55 ஒப்பந்தங்களில் பூர்வகுடிகள் தங்கள் மீன்பிடி உரிமையை விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொண்டார்கள். 1974-ல் கூட்டாட்சி நீதிபதி போல்ட் அதை உறுதிசெய்தார். மாநில நெடுஞ்சாலைகளின் கீழே மீனைத் தடுக்கும் கல்வெர்ட்டுகள் அந்த உரிமையைப் பறிக்கின்றன என்று 2001-ல் வழக்கு வந்தது. 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நான்குக்கு நான்கு என்று பிரிந்ததால் பூர்வகுடிகளுக்குச் சாதகமான கீழ் நீதிமன்றத் தீர்ப்பே நிலைத்தது. அது அரசின் கல்வெர்ட்டுகள் பற்றிய வழக்குதான். ஆனால் அரசே கோடிக்கணக்கில் டாலர் செலவழித்துக் குழாய்களைத் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கும்போது, உங்கள் 24 அங்குலக் குழாய்க்குச் சலுகை கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

கரைப் பாதுகாப்பில் வரிசை இப்படிப் போகும்: ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? வில்லோக் குச்சி நட்டு, வேரோடு கூடிய மரத்தண்டுகளைப் புதைத்தால் போதுமா? அதோடு கொஞ்சம் கல் சேர்க்க வேண்டுமா? கல் மட்டுமே அடுக்குவது கடைசி. மீனுக்கு மிகக் குறைந்த பாதிப்புள்ள, சாத்தியமான வழியைத்தான் துறை ஏற்கும். எனவே அரிப்புக்குக் காரணம் என்ன, அதற்கு ஏன் இந்த வழி என்பதை விண்ணப்பத்தில் விளக்க வேண்டும். புல்வெளியின் ஓரம் ஒரு அடி போனது என்பது காரணமாகாது. வீட்டின் அஸ்திவாரமோ செப்டிக் அமைப்போ ஆபத்தில் இருந்தால் பேச்சே வேறு.

ஏரிக்கரைப் படகுத்துறைக்கு முக்கியமானது வெளிச்சம். நிழலில் பதுங்கும் பாஸ் மீன் சால்மன் குஞ்சுகளைத் தின்றுவிடும் என்பதால் மேல்தளத்தில் ஒளி புகும் கிரேட்டிங் (இடைவெளி விட்ட தட்டி) கேட்பார்கள். கிரியோசோட் என்ற தார் எண்ணெய் பூசிய மரத்துக்கு இடமே இல்லை.

படி 6: மற்ற அனுமதிகள்

எச்பிஏ கையில் இருந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஆண்டுச் சராசரி ஓட்டம் நொடிக்கு 20 கன அடிக்கு மேல் உள்ள ஆறுகள், 20 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள ஏரிகள், அவற்றை ஒட்டிய 200 அடி நிலம் ஆகியவை 1971-ன் கரைநிர்வாகச் சட்டத்தில் வரும். அந்த அனுமதியைக் கவுன்டியோ நகராட்சியோ தரும். சின்ன ஓடையாக இருந்தாலும் ஓடை, சதுப்பு நிலம் போன்றவற்றைக் காக்கும் உள்ளூர் 'கிரிட்டிக்கல் ஏரியா' விதிகள் விடாது. ஓடைக்குள் மண், கல், கான்கிரீட் போடுவதானால் தூய நீர்ச் சட்டத்தின் 404-வது பிரிவுப்படி ராணுவப் பொறியாளர் படைப்பிரிவின் சியாட்டில் அலுவலகம். அதோடு 401-வது பிரிவுச் சான்றுக்கு மாநிலச் சூழலியல் துறை. படகு செல்லக்கூடிய ஆறு, ஏரிகளின் அடித்தளம் மாநிலத்துக்குச் சொந்தமாக இருந்தால் இயற்கை வளத் துறையிடமும் கேட்க வேண்டும்.

தலை சுற்றுகிறதா? இவற்றில் பலவற்றுக்கும் ஜார்ப்பா என்ற ஒரே பொதுப் படிவம் இருக்கிறது. ஒருமுறை நிரப்பி, தனித்தனி அலுவலகங்களுக்கு அனுப்பலாம்.

ஓடையிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க நினைப்பவர்கள் கவனிக்க: அதற்கு எச்பிஏ மட்டும் போதாது, சூழலியல் துறையின் நீருரிமையும் வேண்டும். ஓடை உங்கள் நிலத்துக்குள் ஓடுவதால் தண்ணீரும் உங்களுடையது ஆகிவிடாது.

படி 7: விண்ணப்பம்

எச்பிஏவுக்குத் துறையின் இணையதளம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். சட்டம் கேட்பது நான்கு: மொத்த வேலையின் பொதுத் திட்டம், நீர்க்கோட்டுக்குள் நடக்கும் வேலைக்கு முழு வரைபடமும் அளவும், மீனைப் பாதுகாக்கும் திட்டம், மாநிலச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டமான சீப்பாவைப் பின்பற்றியதற்கான ஆதாரம்.

பெரும்பாலான விண்ணப்பங்கள் மாட்டிக்கொள்வது நான்காவதில். வீட்டளவு வேலைகள் பல சீப்பாவிலிருந்து விலக்குப் பெற்றவை. ஆனால் தண்ணீர் மூடிய நிலத்தில் நடக்கும் வேலைக்கு அந்த விலக்குகளில் பல பொருந்தாது. உங்கள் கவுன்டியிடம் முதலிலேயே கேட்டு, விலக்கு உண்டு என்றால் அதை எழுத்தில் வாங்கி இணையுங்கள்.

மூன்றாவதையும் ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். "மீனுக்குப் பாதிப்பு வராமல் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாருக்கும் திருப்தி வராது. தண்ணீரை எப்படித் திருப்புவீர்கள், உள்ளே இருக்கும் மீனை யார் பிடித்து எங்கே விடுவார்கள், கலங்கல் நீர் எங்கே போகும், வெட்டிய செடிக்குப் பதில் எதை நடுவீர்கள் என்று எழுதுங்கள். படங்களை மேலோட்டத்தை நோக்கி ஒன்று, கீழோட்டத்தை நோக்கி ஒன்று என்று எடுத்து, திசையைக் குறித்து வையுங்கள்.

அவசரம் என்றால்

நவம்பர் வெள்ளத்தில் கரை இடிந்து வீட்டை நெருங்குகிறது என்றால் 45 நாள் காத்திருக்கச் சொல்லமாட்டார்கள். உயிருக்கோ சொத்துக்கோ உடனடி ஆபத்து என்று துறையோ கவுன்டியோ ஆளுநரோ அறிவித்தால் தொலைபேசியிலேயே வாய்மொழி அனுமதி கிடைக்கும். எழுத்து பின்னால் வரும். 60 நாளுக்குள் ஆபத்து வரக்கூடிய நிலை என்றால் 15 நாளில் தரும் அனுமதி உண்டு. ஆனால் அழைக்காமல் கல்லைக் கொட்டிவிட்டு "அவசரம்" என்று பிறகு சொன்னால் எடுபடாது. வெள்ளத்தில் அவசரமாகப் போட்ட கல்லைப் பின்னால் எடுக்கச் சொல்லவும், ஈடுசெய்யச் சொல்லவும் வாய்ப்பு உண்டு என்பதையும் மனதில் வையுங்கள்.

படி 8: வேலை நடக்கும் நாட்களில்

அனுமதியின் நகல் வேலை நடக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். எக்ஸ்கவேட்டர் ஓட்டுபவர் அதைப் படித்தாரா என்று நீங்களே கேளுங்கள். கான்ட்ராக்டர் படித்திருப்பார், ஓட்டுபவர் பார்த்தே இருக்கமாட்டார். இயந்திரத்தில் எண்ணெய் ஒழுகக் கூடாது. தண்ணீருக்குள் இறங்குவதானால் ஹைட்ராலிக் எண்ணெயும் மக்கக்கூடிய வகையாக இருக்க வேண்டும். முடிந்தவரை கரையில் நின்றபடியே வேலை செய்ய வேண்டும்.

தண்ணீரைத் தடுத்துக் குழாய் வழியாகத் திருப்பி, அந்த இடத்தைக் காய வைத்த பிறகே தோண்ட வேண்டும். காய்வதற்கு முன் மீனைப் பிடித்து வெளியே விட வேண்டும். பம்பின் வாயில் மீன் வலை கட்டாயம். துளைத்தகடு என்றால் துளை 3/32 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. ஈரக் கான்கிரீட் ஓடைத் தண்ணீரில் படவே கூடாது. அதிலிருந்து கரையும் சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும், கொஞ்சம் போதும் மீன் சாக. வேலை முடிந்ததும் தண்ணீரைச் சட்டென்று திறந்துவிடாமல் மெதுவாக விடுங்கள். நடுவில் செத்த மீனோ துடிக்கும் மீனோ கண்ணில் பட்டால் வேலையை நிறுத்திவிட்டுத் துறையைக் கூப்பிட வேண்டும்.

தோண்டும்போது நினைத்தது ஒன்று, இருப்பது ஒன்று என்று ஆனால், சரி, சமாளிப்போம் என்று வரைபடத்தை மாற்றாதீர்கள். மாற்றம் கேட்டு எழுதலாம். சின்ன மாற்றத்துக்குப் புது விண்ணப்பம் வேண்டாம். வீட்டை விற்றால் அனுமதியைப் புது உரிமையாளர் பெயருக்கு எழுத்து மூலம் மாற்றிக்கொள்ளவும் முடியும். அனுமதி ஐந்து ஆண்டுவரை செல்லும், ஆனால் முதல் இரண்டு ஆண்டுக்குள் வேலையில் கணிசமான முன்னேற்றம் தெரிய வேண்டும்.

மீறினால், மறுத்தால்

முன்பு சிவில் அபராதம் நாளுக்கு 100 டாலர்தான். சிலர் அதைச் செலவில் ஒன்றாகவே எழுதிவிடுவார்கள். 2019 சட்டம் அதை மீறல் ஒன்றுக்கு 10,000 டாலர் வரை உயர்த்தியது. வேலையை நிறுத்தும் உத்தரவு போடும் அதிகாரமும் துறைக்கு வந்தது. குற்ற வழக்காகப் போனால் கிராஸ் மிஸ்டமீனர் (பெருங்குற்றத்துக்கு ஒரு படி கீழே உள்ள வகை): 364 நாள் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம்.

அனுமதியை மறுத்தாலோ, நிபந்தனை நியாயமில்லை என்று தோன்றினாலோ 30 நாட்களுக்குள் துறையிடமே முறைசாரா மேல்முறையீடு செய்யலாம். முறையான மேல்முறையீடு மாசுக் கட்டுப்பாட்டு விசாரணை வாரியத்துக்குப் போகும், அதற்கும் 30 நாள்தான். மேல்முறையீட்டுக்கு முன் பயாலஜிஸ்டோடு ஒருமுறை ஓடைக்கரையில் நின்று, எந்த நிபந்தனை ஏன் என்று கேட்டுப் பாருங்கள். மீனுக்கு அதே பாதுகாப்பைத் தரும் வேறு வழியை நீங்கள் காட்டினால் நிபந்தனை மாற வாய்ப்புண்டு. அந்தப் பேச்சு நடக்கும்போதும் 30 நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும், தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.